மாசு அயனி சேர்த்தால் படிகத்தின் மேற்பரப்பில் ஒளி எப்படி மாறுகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: "ஒரு படிகத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக வேறொரு உலோக அயனியைச் சேர்த்தாலே மேற்பரப்பின் நிறமும் பளபளப்பும் மாறிவிடுகிறதே, அவ்வளவு குறைந்த அளவு மேற்பரப்பில் அப்படி என்ன செய்கிறது?" இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் மேற்பரப்பில் பார்க்கும் நிறம் உண்மையில் எங்கே உருவாகிறது என்பது ஒன்று. மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் அயனி, படிகத்தின் உள்ளே இருக்கும் அதே அயனியைவிட வேறு மாதிரி நடந்துகொள்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சந்தேகமே இல்லாத பதில் உண்டு. இரண்டாவதில் உறுதியானவையும் உண்டு, இன்னும் தீராத சச்சரவுகளும் உண்டு. ஆக்சைடு படிகங்களின் உட்கவர் நிறமாலையையும் ஒளிர்வையும் பல ஆண்டுகளாக அளந்து வருகிறேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன். கடத்தும் படலங்கள், வைரம் ஆகியவை பற்றிக் கீழே வருவது நான் படித்து அறிந்தது. அவற்றில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை.

மாணிக்கத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதைப்போல நன்றாக ஆராயப்பட்ட படிகம் குறைவு. தூய அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தம், நிறமற்றது. அதில் அலுமினியத்தின் இடத்தில் குரோமியம் அயனி ஏறினால் சிவப்பு வருகிறது. 1960-இல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கியது இந்தப் படிகத்தில்தான். லேசர் மாணிக்கத்தில் வழக்கமாக இருக்கும் குரோமியம் ஆக்சைடின் அளவு எடையில் 0.05 சதவீதம். கணக்குப் போட்டால், ஏறக்குறைய மூவாயிரம் அலுமினியம் அயனிகளுக்கு ஒரு குரோமியம். இரண்டுக்கும் மின்சுமை ஒன்றே, மூன்று நேர்மின்னூட்டம். குரோமியம் சற்றுப் பெரியது: அதன் ஆரம் 0.615 ஆங்ஸ்ட்ராம், அலுமினியத்துடையது 0.535. ஆகவே சுற்றியுள்ள ஆறு ஆக்சிஜன்களையும் கொஞ்சம் தள்ளிக்கொண்டுதான் அது உட்காருகிறது.

அந்த ஆறு ஆக்சிஜன்கள்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. தனியாக இருக்கும் குரோமியம் அயனியின் மூன்று டி-எலக்ட்ரான்களுக்கும் (அதன் வெளிக்கூட்டில் இருப்பவை) ஐந்து சுற்றுப்பாதைகளும் ஒரே ஆற்றலில் இருக்கும். ஆக்சிஜன்கள் சூழ்ந்ததும் அவை இரண்டு குழுக்களாகப் பிரிகின்றன. இந்தப் பிரிவின் அளவைப் படிகப்புல வலிமை என்கிறோம். மாணிக்கத்தில் அது சுமார் 2.2 எலக்ட்ரான் வோல்ட். அதனால் ஊதாவில் 410 நானோமீட்டரை ஒட்டி ஒன்று, மஞ்சள் கலந்த பச்சையில் 550 நானோமீட்டரை ஒட்டி ஒன்று என இரண்டு அகலமான உட்கவர் பட்டைகள் வருகின்றன. மிஞ்சுவது சிவப்பும், கொஞ்சம் நீலமும். அதே குரோமியத்தை பெரில் படிகத்தில் வைத்தால் புலம் சற்றுத் தளர்ந்து 2.05 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. பட்டைகள் இரண்டும் நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்து, சிவப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுப் பச்சைக்கு வழிவிடுகின்றன. அதுதான் மரகதம். ஒரே அயனி, ஒரே மின்னூட்டம், அக்கம்பக்கம் மட்டும் வேறு. நிறம் அயனிக்குச் சொந்தமானதல்ல, அயனியும் அதன் சுற்றமும் சேர்ந்து தருவது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேற்பரப்புக்குப் போகும்போது இதே விஷயம் திரும்ப வரும்.

சரி, இந்தச் சிவப்பு மேற்பரப்பிலா இருக்கிறது? இல்லை. மேற்சொன்ன செறிவில் பட்டையின் உச்சியில்கூட மாணிக்கத்தின் உட்கவர் குணகம் சென்டிமீட்டருக்கு இரண்டு மூன்று என்ற அளவில்தான் இருக்கும். அதாவது பச்சை ஒளி கணிசமாகக் குறைய அது சில மில்லிமீட்டர் உள்ளே பயணம் செய்தாக வேண்டும். ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 1.6×10¹⁹ குரோமியம் அயனிகள் இருக்கின்றன. அதே கனசதுரத்தின் ஒரு முகத்தில் மேலே ஒரு நானோமீட்டர் தடிமனை மட்டும் எடுத்தால் அதில் இருப்பவை அதில் ஒரு கோடியில் ஒரு பங்குதான். அவை தனியாக எந்த நிறத்தையும் காட்ட முடியாது. உள்ளே போன ஒளி பின்பக்க முகங்களில் பட்டுத் திரும்பி, நீண்ட தூரம் நடந்து வெளியே வருவதைத்தான் மேற்பரப்பின் சிவப்பு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பட்டை தீட்டிய ஒரு மாணிக்கத்தை ஒரு வெள்ளை விளக்கின் கீழே வைத்து உருப்பெருக்கியால் பாருங்கள். மேல்முகத்தில் விளக்கின் பிம்பம் விழும் கோணத்துக்கு மெதுவாகத் திருப்புங்கள். அந்தப் பிம்பம் வெள்ளையாக இருக்கும், சிவப்பாக அல்ல. அதற்குப் பக்கத்தில், கல்லின் ஆழத்திலிருந்து வரும் மினுக்குகள் மட்டும் சிவந்திருக்கும். மேற்பரப்பிலிருந்து நேரடியாகத் தெறிப்பது எது, உள்ளே போய்விட்டு வருவது எது என்பதை இந்த ஒரு காட்சியே பிரித்துக் காட்டிவிடும். அப்புறம், வெளிர் நிற மாணிக்கத்தை அரைத்து மாவாக்கினால் அந்த மாவு கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடுகிறது. குரோமியம் எங்கும் போகவில்லை. ஒளி உள்ளே நடக்கும் தூரம்தான் மில்லிமீட்டர்களிலிருந்து மைக்ரோமீட்டர்களுக்குச் சுருங்கிவிட்டது.

இதை எண்ணிலும் காட்டிவிடலாம். செங்குத்தாக விழும் ஒளியில் மேற்பரப்பு எவ்வளவு பங்கைத் திருப்பி அனுப்பும் என்பது ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. குருந்தத்துக்கு அது சுமார் 1.76. ஃபிரெனல் வாய்ப்பாட்டில் போட்டால் 7.58 சதவீதம் வருகிறது. மாசு அயனியால் ஒளிவிலகல் எண் 0.001 கூடியது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எதிரொளிப்பு 7.60 சதவீதம் ஆகும். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. உட்கவர்தலால் எதிரொளிப்பு மாறாதா என்று கேட்கலாம். சென்டிமீட்டருக்கு மூன்று என்ற குணகத்தை ஒளிவிலகல் எண்ணின் கற்பனைப் பகுதியாக (உட்கவர்தலைக் குறிக்கும் பகுதி) மாற்றினால் சுமார் 0.00001 வருகிறது. எதிரொளிப்பில் அதன் வர்க்கம்தான் சேர்கிறது, ஆகவே அதைச் சுத்தமாக மறந்துவிடலாம். உலோகங்களிலும் அடர்ந்த சாயங்களிலும் இந்தக் கற்பனைப் பகுதி ஒன்றை ஒட்டிய அளவுக்கு வரும், அதனால்தான் தங்கத்தின் பளபளப்புக்கே நிறம் இருக்கிறது. ஆக, குறைந்த செறிவில் சேர்த்த அயனி படிகத்தின் நிறத்தை மாற்றும், பளபளப்பை மாற்றாது. சேர்த்த பிறகு உங்கள் மாதிரியின் பளபளப்பு மாறியிருந்தால், முதலில் மெருகின் தரத்தையும் மேற்பரப்பில் படிந்த வேறு கலவையையும்தான் நான் சந்தேகிப்பேன்.

இந்த விதி உடையும் இடம் ஒன்று உண்டு. அது கட்டற்ற எலக்ட்ரான்கள் வரும் இடம். மாணிக்கத்தில் குரோமியம் தன் எலக்ட்ரான்களைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இண்டியம் ஆக்சைடில் மூன்று மின்னூட்ட இண்டியத்தின் இடத்தில் நான்கு மின்னூட்ட வெள்ளீயம் ஏறினால் ஓர் எலக்ட்ரான் மிஞ்சி, படிகம் முழுக்கத் திரிகிறது. வழக்கமான கலவையில் வெள்ளீய ஆக்சைடு எடையில் பத்து சதவீதம் வரை இருக்கும், கட்டற்ற எலக்ட்ரான்கள் கன சென்டிமீட்டருக்கு 10²⁰ முதல் 10²¹ வரை போகும். இத்தனை எலக்ட்ரான்கள் கூட்டாக அசையும்போது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மேலே அந்தப் பொருள் உலோகம் போல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எல்லை எலக்ட்ரான் அடர்த்தியைப் பொறுத்து சுமார் 1 முதல் 4 மைக்ரோமீட்டருக்குள் விழும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குக் கண்ணாடி, அகச்சிவப்புக்கு உலோகம் என்பது இதன் இரட்டைத் தன்மை. ஒளியை விட்டுக்கொண்டே மின்சாரத்தையும் கடத்துவதால்தான் தொடுதிரைகளில் இந்தப் படலம் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பப் பூசும் ஃப்ளூரின் சேர்த்த வெள்ளீய ஆக்சைடும் இதே வேலையைத்தான் செய்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: கடத்தும் பட்டையின் (எலக்ட்ரான்கள் கட்டின்றித் திரியும் ஆற்றல் மட்டங்களின்) அடிப்பகுதியை எலக்ட்ரான்கள் நிரப்பிவிடுவதால், ஒளியை உட்கவர இன்னும் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது, உட்கவர்தலின் விளிம்பு புற ஊதாப் பக்கம் தள்ளிப்போகிறது. இதற்கு பர்ஸ்டீன்-மாஸ் பெயர்ச்சி என்று பெயர். இங்கே மாசு அயனி சேர்ப்பது மேற்பரப்பின் எதிரொளிப்பையே மாற்றுகிறது, அதில் ஐயமில்லை. செறிவு மாணிக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம், எலக்ட்ரான்களும் கட்டற்றவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அயனி வேண்டுமென்றே மேற்பரப்பில் மட்டும் இருக்கும் படிகங்களும் உண்டு. நீலக்கல்லின் நீலம் இரும்பும் டைட்டேனியமும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் உட்கார்ந்து, ஒளியை வாங்கி ஓர் எலக்ட்ரானை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றுவதால் வருகிறது. வெளிர் நிறக் கல்லை டைட்டேனியம் ஆக்சைடு தூளில் புதைத்து, உருகுநிலைக்கு அருகே சூடேற்றினால் டைட்டேனியம் வெளியிலிருந்து உள்ளே ஊறுகிறது. ஆனால் அது மெதுவாக நகரும் அயனி. பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் நின்றுவிடும். இப்படிச் செய்த கல்லை, ஒளிவிலகல் எண் அதிகமுள்ள மெத்திலீன் அயோடைடு திரவத்தில் மூழ்கவைத்துப் பின்னாலிருந்து மங்கிய ஒளி கொடுத்துப் பாருங்கள். திரவமும் கல்லும் ஏறக்குறைய ஒரே ஒளிவிலகல் எண் கொண்டவை, அதனால் முகங்களின் பளபளப்பு அடங்கி, உள்ளே நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். முகங்கள் சந்திக்கும் விளிம்புகளில் அடர்நீலக் கோடுகள், நடுவே வெளுப்பு. மீண்டும் தீட்டினால் அந்தத் தோல் போய்விடும். பெரிலியம் அப்படியல்ல. மிகச் சிறிய அயனி, கல்லின் நடுவரைக்கும் போய்விடக்கூடியது, அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவை அளக்கும் நிறை நிறமாலைக் கருவி வேண்டும்.

ஒளித்தகவல் தொடர்பில் இதே தந்திரத்தை அழகாகப் பயன்படுத்துகிறார்கள். லித்தியம் நையோபேட் படிகத்தின் மேல் மெல்லிய டைட்டேனியப் பட்டையைப் படியவைத்து, ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிச் சில மணி நேரம் வைத்தால் அது சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு ஊறி, ஒளிவிலகல் எண்ணை 0.01 அல்லது அதற்குக் குறைவாக உயர்த்துகிறது. ஷ்மிட்டும் கமினோவும் 1974-இல் இதை வெளியிட்டார்கள். அந்தச் சிறு உயர்வே ஒளியைப் பட்டைக்குள் பிடித்துவைக்கப் போதும். மேலிருந்து பார்த்தால் எதிரொளிப்பில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனால் மேற்பரப்போடு ஒட்டி, பட்டையின் நீளவாக்கில் செல்லும் ஒளிக்கு அது ஒரு முழு வாய்க்கால். ஒளி எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகிறது என்பதைச் சொல்லாமல் மாசு அயனியின் விளைவு பெரியதா சிறியதா என்று பேசுவதில் பொருளில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பாதி. படிகத்தின் கடைசி அணு அடுக்கில் இருக்கும் அயனிக்கு ஒரு பக்கம் அண்டை அணுக்கள் இல்லை. ஆறு ஆக்சிஜன்களுக்குப் பதில் ஐந்தோ நான்கோ இருக்கலாம், அல்லது காற்றின் ஈரத்திலிருந்து வந்த ஹைட்ராக்சில் அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். மாணிக்கத்தையும் மரகதத்தையும் வேறாக்கியது சுற்றம்தான் என்றால், மேற்பரப்பு அயனியின் நிறமாலையும் மாறியே ஆக வேண்டும். மாறத்தான் செய்கிறது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துண்டில் மேல் அடுக்கின் பங்கு பத்து லட்சத்தில் இரண்டு மட்டுமே என்பதால் அது நம் கருவிகளில் தெரிவதில்லை. ஐந்து நானோமீட்டர் துகளுக்கு வாருங்கள். 0.3 நானோமீட்டர் தடிமனுள்ள வெளி அடுக்கு மட்டும் துகளின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அங்கே மேற்பரப்பு அயனிகளின் குரல் நன்றாகவே கேட்கும்.

இதைக் கேட்க யூரோப்பியத்தைவிட நல்ல அயனி எனக்குத் தெரியாது. மூன்று மின்னூட்ட யூரோப்பியம் ஆரஞ்சில் 590 நானோமீட்டரை ஒட்டி ஒரு கோட்டையும், சிவப்பில் 612-ஐ ஒட்டி இன்னொரு கோட்டையும் உமிழும். முதல் கோடு காந்த இருமுனைப் பெயர்ச்சி (ஒளியின் காந்தப்புலத்தோடு நடக்கும் நிலைமாற்றம்), அதன் வலிமை சுற்றத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இரண்டாவது மின் இருமுனைப் பெயர்ச்சி (மின்புலத்தோடு நடப்பது). அயனியைச் சுற்றி மையச் சமச்சீர் இருந்தால் அது ஒடுங்கிவிடும், சமச்சீர் குலையக் குலைய ஓங்கும். எனவே இரண்டு கோடுகளின் விகிதத்தைப் பார்த்தாலே அயனி ஒழுங்கான இடத்தில் இருக்கிறதா, கோணலான இடத்தில் இருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். சமச்சீரான இடங்களைத் தரும் படிகங்களில் துகள் சிறிதாக ஆக இந்த விகிதம் ஏறுவதும், கோடுகள் அகலமாவதும், மேற்பரப்பு அயனிகளின் கையெழுத்து. ஒரு எச்சரிக்கை மட்டும்: படிகத்தின் உள்ளே இருக்கும் குறைபாடுகளும் இதே விகிதத்தை ஏற்றும். எனவே ஏறியது என்பதை மட்டும் வைத்து மேற்பரப்பு என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

மேற்பரப்பின் இன்னொரு வேலை ஒளிர்வை அணைப்பது. சோடியம் இட்ரியம் ஃப்ளூரைடில் இட்டர்பியமும் எர்பியமும் சேர்த்த நானோ படிகங்கள், கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிப் பச்சையும் சிவப்புமாகத் திருப்பித் தரும். அவற்றில் இருபது சதவீதம் இட்டர்பியம் இருப்பதால், ஆற்றல் ஓர் அயனியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி மேற்பரப்பை எட்டிவிடுகிறது. அங்கே ஹைட்ராக்சில் குழுக்கள் காத்திருக்கின்றன. அவற்றின் மூன்று அதிர்வுகளின் ஆற்றலைக் கூட்டினால் இட்டர்பியத்தின் கிளர்ந்த நிலையின் ஆற்றலுக்கு ஏறக்குறையச் சமம். அதனால் ஒளியாக வெளிவர வேண்டியது வெப்பமாகப் போய்விடுகிறது. மாசு அயனி இல்லாத அதே ஃப்ளூரைடால் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் உறை வளர்த்தால் ஒளிர்வு பல மடங்கு கூடுகிறது. இது பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு, இதில் கருத்து வேறுபாடு இல்லை. வைரத்தில் நைட்ரஜன்-வெற்றிட மையங்களின் (ஒரு நைட்ரஜன் அணுவும் அதற்குப் பக்கத்தில் கார்பன் இல்லாத காலியிடமும் சேர்ந்தவை) கதையும் உறுதியானதே. மேற்பரப்புக்குச் சில நானோமீட்டர் கீழே இருக்கும் மையம் எந்த மின்னூட்டத்தில் இருக்கிறது என்பதை மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அணுக்கள் தீர்மானிக்கின்றன. ஹைட்ரஜன் மூடிய முகம் எலக்ட்ரானை இழுத்துவிட, 637 நானோமீட்டர் கோடு தரும் எதிர்மின்னூட்ட மையம் 575 நானோமீட்டர் கோடு தரும் நடுநிலை மையமாகிவிடுகிறது. ஆக்சிஜன் மூடிய முகம் எதிர்மின்னூட்ட நிலையைக் காப்பாற்றுகிறது.

சர்ச்சைக்குரியவற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடினால் உங்களுக்கு முதலில் அகப்படுவது இவையாகத்தான் இருக்கும். மாங்கனீசு சேர்த்த துத்தநாக சல்பைடு நானோ படிகங்களில் ஒளிர்வின் ஆயுட்காலம் (ஒளிர்வு தணிய எடுக்கும் நேரம்) மில்லி விநாடிகளிலிருந்து நானோ விநாடிகளுக்குச் சுருங்கிவிட்டது என்று 1994-இல் ஓர் அறிக்கை வந்தது. பெரும் பரபரப்பு. சில ஆண்டுகளுக்குள் மற்றவர்கள் கவனமாக அளந்தபோது, மாங்கனீசின் ஆரஞ்சு ஒளிர்வு பழையபடி மில்லி விநாடிகளிலேயே தணிந்தது. வேகமாகத் தணிந்தது அதே அலைநீளத்தில் மேலே விழுந்த, குறைபாடுகளிலிருந்து வரும் வேறொரு ஒளிர்வு. பழைய கூற்றை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இன்னும் கண்ணில் படும், எச்சரிக்கையாக இருங்கள்.

டைட்டேனியம் டை ஆக்சைடில் நைட்ரஜன் சேர்ப்பது இன்னொன்று. அதன் ஒரு படிக வடிவமான அனடேஸ், தூயதாக இருக்கும்போது 387 நானோமீட்டருக்கு மேலே ஒளியை வாங்காது. நைட்ரஜன் சேர்த்தால் மஞ்சளாகிறது, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வினையூக்கியாக வேலை செய்கிறது என்று 2001-இல் அறிவித்தார்கள். மஞ்சளாவது உண்மை. பட்டை இடைவெளியே (எலக்ட்ரான்கள் நிரம்பிய பட்டைக்கும் கடத்தும் பட்டைக்கும் நடுவே உள்ள ஆற்றல் வித்தியாசம்) குறுகிவிட்டதா, அல்லது இடைவெளிக்குள் தனித்தனி நிலைகள் முளைத்தனவா என்பதில் நெடுங்காலமாக விவாதம். குறைந்த செறிவில் இரண்டாவது விளக்கத்துக்கே சான்று அதிகம் என்பது என் கருத்து. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. தூளின் பரவல் எதிரொளிப்பை எடுத்து, டாக் வரைபடம் (உட்கவர்தலிலிருந்து பட்டை இடைவெளியை மதிப்பிட வரைவது) வரைந்து, சாய்வை நீட்டி, "மாசூட்டலால் பட்டை இடைவெளி இவ்வளவு குறைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். மாசு அயனியின் சொந்த உட்கவர் பட்டை விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தச் சாய்வு அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வருகிற எண் பட்டை இடைவெளி அல்ல.

அயனிகள் தாமாகவே மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றனவா என்றும் கேட்கலாம். இடத்துக்குப் பொருந்தாத பெரிய அயனி, சூடேற்றும்போது இறுக்கம் குறைந்த பரப்புகளுக்கு நகர்வது நன்கு அறிந்தது. அலுமினாவில் (அலுமினியம் ஆக்சைடில்) இட்ரியம் படிகமணி எல்லைகளில், அதாவது சிறு படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், குவிவது இதற்கு நல்ல உதாரணம். ஆனால் எந்தப் படிக முகத்தில் எவ்வளவு என்பது முகத்துக்கு முகம், சூளையின் வாயுவுக்கு வாயு மாறும். பொதுவான எண் கேட்டால் கொடுக்க முடியாது, உங்கள் மாதிரியில் அளந்துதான் பார்க்க வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது மேற்பரப்பு விளைவா, படிகத்தின் உள்ளே முழுக்க நடக்கும் விளைவா என்று பார்க்க நான் முதலில் செய்வது மிக எளிய சோதனை. இரண்டு பக்கமும் மெருகிட்ட ஒரு தகட்டின் உட்கவர் நிறமாலையை எடுங்கள். எதிரொளிப்பு இழப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துத் தடிமனைப் பாதியாக்கி, அதே தரத்துக்கு மெருகிட்டு மறுபடி எடுங்கள். பட்டையின் உயரமும் பாதியானால் அயனிகள் உள்ளே முழுக்கச் சீராக இருக்கின்றன. உயரம் தடிமனோடு ஒத்துப்போகாமல், அந்தப் பக்கத்தின் முதல் சில மைக்ரோமீட்டரைத் தேய்த்ததுமே சட்டென்று குறைந்து, அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அசையாமல் நின்றால் நிறம் தோலில் இருந்தது, மறு பக்கத் தோல்தான் இப்போது மிஞ்சியிருக்கிறது. நானோ துகளாக இருந்தால் தேய்க்க முடியாது. அப்போது மாசு அயனி இல்லாத உறை ஒன்றை வளர்த்து, முன்னும் பின்னும் ஆயுட்காலத்தை அளந்து ஒப்பிடுங்கள். உறைக்குப் பிறகு ஆயுட்காலம் நீண்டால், அணைத்துக்கொண்டிருந்தது மேற்பரப்புதான்.